குதிக்கால் வலிக்குக் கைமுறைச் சிகிச்சை: எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது?

வெள்ளவத்தை ரீச்சர் · 4 மார்ச், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. பாடசாலையில் நாளொன்றுக்கு ஐந்து பாடவேளையாவது நின்றுகொண்டே கற்பிக்கிறேன். வீட்டுத் தரை முழுவதும் மாபிள். எங்கள் வழக்கப்படி உள்ளே எவரும் செருப்பு அணிவதில்லை. எட்டு மாதங்களாக இடது குதிக்காலின் உட்பக்கத்தில் வலி இருக்கிறது. விடிகாலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி ஏறியது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிக்காலை ஊன்றாமல், குளியலறை வரை போவேன். தேநீர் போட்டு முடிப்பதற்குள் சற்றுத் தணிந்துவிடும். பாடசாலை விட்டபின் காலி வீதியில் பஸ்ஸுக்காக நிற்கும்போது மீண்டும் தொடங்கும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குதிக்கால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். தனியார் நிலையம் ஒன்றில் பத்து நாள் அல்ட்ராசவுண்ட் (ஒலியலைச் சிகிச்சை) பிடித்தார்கள். அந்தப் பத்து நாளிலும் ஒருவர்கூட என் பாதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்கவுமில்லை. பயன் எதுவும் இல்லாததால், உறவினர் ஒருவர் சொன்ன வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கே நேர்மாறாக, வலிக்கும் புள்ளியிலேயே பெருவிரலை வைத்து, நான் கத்தக் கத்த அழுத்தினார். மூன்று நாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது. நான்காம் நாள் வலி பழையபடியே இருந்தது.

இப்போது எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். கையால் செய்யும் சிகிச்சையில் உண்மையில் பயன் இருக்கிறதா? இருந்தால் எந்த முறை, எந்த இடத்தில், எவ்வளவு நாள்? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

காலிமுகக் காற்று · 4 மார்ச், இரவு 10.25

ரீச்சர், உங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் காலிமுகத்திடலில் தினமும் ஓடுபவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வலி எனக்கும் வந்தது. கோல்ஃப் பந்து ஒன்றைத் தரையில் வைத்து, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு, தினமும் பத்து நிமிடம் உருட்டினேன். வலி தாங்க முடியாமல் கண்ணீர் வரும், ஆனாலும் விடவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதத்தில் வலி போய்விட்டது. உள்ளே இறுகிக் கிடக்கும் நார் கலைய வேண்டுமானால் சற்று வன்மையாகத்தான் அழுத்த வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் மூன்று நாளிலேயே நிறுத்தியிருக்கக் கூடாது.

கைப்பக்குவம் · 5 மார்ச், காலை 6.40

ரீச்சருக்கு வணக்கம். நான் கொழும்பில் பத்தொன்பது ஆண்டுகளாக இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றுகிறேன். உங்கள் பாதத்தை நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் விவரித்த முதலடி வலியும், இடமும், நடந்தால் தணிந்து நின்றால் கூடும் போக்கும் உள்ளங்கால் நார்ப்பட்டையின் வலியையே பெரும்பாலும் காட்டுகின்றன. அதை வைத்து என்னால் இயன்ற அளவு விளக்குகிறேன்.

ஆங்கில மருத்துவத்தில் பிளாண்டர் ஃபாசியா எனப்படும் இந்த நார்ப்பட்டை, குதிக்கால் எலும்பின் அடியில் உட்புறமாகத் தொடங்கி, ஐந்தாகப் பிரிந்து விரல்களின் அடிவரை செல்கிறது. நீங்கள் அடியெடுத்து வைக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி வளைகிறது. அப்போது பட்டை, உருளையில் சுற்றப்படும் கயிறு போல இறுகிப் பாதத்தின் வளைவைத் தூக்குகிறது. துறைமுகத்தில் கப்பற் கயிற்றை உருளையில் சுற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே பொறிமுறைதான். ஹிக்ஸ் என்பவர் 1954 இல் இதனை விவரித்தார். ஆகவே இந்தப் பட்டை அடிக்கு அடி பாரம் தாங்கும் உறுப்பு. தாங்கும் பாரத்துக்கும் தாங்கக்கூடிய வலுவுக்கும் இடையே பல மாதங்கள் பொருத்தமின்மை நிலவினால் அது எலும்பில் பற்றியிருக்கும் இடம் நோகத் தொடங்கும்.

முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் நோயாளிகளை அதிகம் அச்சுறுத்துகிறது. குதிக்கால் முள், வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் காணப்படுகிறது. அது குத்துவதால்தான் வலிக்கிறது என்று எண்ணி அதைக் கரைக்கவோ உடைக்கவோ முயல்வது வீண். அதுபோலவே இதனை அழற்சி என்று மட்டும் சொல்வதும் முழு உண்மை ஆகாது. 2003 இல் லெமொண்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 மாதிரிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அழற்சியைவிடத் திசுச் சிதைவின் அடையாளங்களையே கண்டார்கள். புண்பட்டு வலுவிழந்த திசுவை மேலும் நசுக்குவதால் அது வலுப்பெறாது என்பது இதிலிருந்து புரியும்.

இனிக் கைமுறைச் சிகிச்சைக்கு வருகிறேன். ஒரு நல்ல இயன்மருத்துவர் முதலில் உங்களை வெறுங்காலுடன் சுவரை நோக்கி நிற்கச் சொல்வார். குதிக்காலைத் தரையிலிருந்து எழவிடாமல் முழங்காலைச் சுவரில் முட்டச் செய்து, பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பார். ஒரு சென்ரிமீற்றர் கூடுவது கணுக்கால் ஏறத்தாழ 3.6 பாகை கூடுதலாக மடங்குவதற்குச் சமம். நோகும் காலில் இந்தத் தூரம் குறைந்திருப்பதைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன். கணுக்கால் மடங்க மறுக்கும்போது, நடையின் அந்தப் பகுதியை நடுப்பாதமும் உள்ளங்கால் பட்டையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் கை போக வேண்டிய முதல் இடம் கெண்டைக்கால். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைத் தசையின் உட்புறத் தலையில் இறுகிய இழைகளைத் தேடி, அங்கே மெதுவாக அழுத்தி, தசை கைக்கு இளகிக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தசை எதிர்த்து நிற்கும். அடுத்தது கணுக்கால் மூட்டு. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையேயுள்ள வளைவை, கணுக்கால் மூட்டில் உள்ள தாலஸ் எலும்பின் முன்புறத்தில் பொருத்தி, மறுகையால் குதிக்காலைத் தாங்கி, எலும்பைப் பின்னோக்கிச் சீராக, தாளத்தோடு தள்ளுவேன். முப்பது விநாடி தள்ளுவது, விடுவது, மீண்டும் தள்ளுவது. ஜெஃப்ரி மெயிற்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் மூட்டை அசைப்பதற்கு வகுத்த நான்கு படிகளில் எந்தப் படியில் தள்ளுவது என்பதை வலியும் விறைப்பும் தீர்மானிக்கும். அதற்குக் கீழே, குதிக்கால் எலும்பைப் பக்கவாட்டில் அசைக்கும் முறை ஒன்று உண்டு. உள்ளங்கால் பட்டையின்மேல் செய்யும் தேய்ப்பு இவற்றுக்குப் பிறகுதான். அதையும் பெருவிரலை மேல்நோக்கி மடக்கிப் பட்டையை இறுக்கி வைத்துக்கொண்டு, பற்றிடத்திலிருந்து விரல்களை நோக்கி, பத்துக்கு நான்கு அல்லது ஐந்துக்கு மேல் வலி ஏறாத அளவில் செய்ய வேண்டும்.

ஆகவே உங்களுக்குக் கத்தக் கத்த அழுத்தியவர் தவறவிட்டவை இரண்டு: அவர் அளவைத் தவறவிட்டார்; கெண்டைக்காலையும் கணுக்காலையும் பார்க்கவேயில்லை. காலிமுகக் காற்று அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குணமடைந்தது மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் பந்து செய்த வேலை எது, காலம் செய்த வேலை எது என்று பிரித்தறிய வழியில்லை.

எண்ணும் எழுத்தும் · 5 மார்ச், பகல் 1.15

இயன்மருத்துவர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது, நன்றி. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். புள்ளிவிவரத்தோடு வேலை செய்பவன். என் மனைவிக்கு இந்த வலி வந்தபோது ஆய்வுக் கட்டுரைகளை ஓரளவு தேடிப் படித்தேன். அதனால் எழுந்த மூன்று ஐயங்களை மரியாதையுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, காலம் செய்த வேலையைப் பந்தின் கணக்கில் எழுதக் கூடாது என்று சொன்னீர்கள். அதே அளவுகோல் உங்கள் கைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? இந்த வலி பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே குறைகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் இயல்பு.

இரண்டாவது, 2015 இல் சஷுவாவும் அவருடைய குழுவினரும் 50 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், நீட்டற்பயிற்சியும் அல்ட்ராசவுண்டும் பெற்றவர்களுடன், அவற்றோடு கணுக்கால், நடுப்பாத மூட்டு அசைவுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களை ஒப்பிட்டார்கள். எட்டு அமர்வுகளுக்குப் பிறகு இரு பிரிவினரும் தேறியிருந்தார்கள். மூட்டு அசைவினால் மேலதிகப் பயன் எதுவும் தென்படவில்லை. தாலஸ் எலும்பைத் தள்ளுவது பற்றி நீங்கள் எழுதியதற்கு இது நேர் எதிராக நிற்கிறது.

மூன்றாவது, 2008 இல் சௌத்ரி முதலானோர் கணித மாதிரி ஒன்றின் மூலம், உள்ளங்கால் நார்ப்பட்டையை 1% அளவுக்கு அழுத்தி உருமாற்றுவதற்கே மனித உடல் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிய விசை வேண்டும் என்று காட்டினார்கள். அப்படியானால் கையால் தேய்த்து இந்தப் பட்டையை நீட்டுகிறோம், இளக்குகிறோம் என்பதெல்லாம் எந்த அடிப்படையில்?

கைப்பக்குவம் · 5 மார்ச், இரவு 8.55

இப்படிக் கேட்பவர்கள் இருந்தால்தான் எங்கள் தொழில் திருந்தும். கடைசி ஐயத்திலிருந்து தொடங்குகிறேன்.

சௌத்ரியின் கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். உள்ளங்கால் பட்டை தோல் வார் போன்றது. ஐந்து நிமிடம் விரலால் தேய்த்து அதை எவரும் நீட்டிவிட முடியாது. நானே என் ஆரம்ப ஆண்டுகளில் நோயாளிகளிடம் நார் இளகுகிறது என்று சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. தொடுகையும் தாளமான அழுத்தமும் நரம்பு மண்டலத்தின் வழியாக வலியின் கூர்மையைச் சிறிது நேரம் தணிக்கின்றன, தசை தன்னைக் காக்க இறுகியிருப்பதைத் தளர்த்துகின்றன, மூட்டு அசையத் துணிகிறது. கோல்ஃப் பந்தின்மேல் முழுப் பாரத்தையும் போடத் தேவையில்லை என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். உருமாறாத பட்டையை உருமாற்ற முயன்று, அதன் கீழுள்ள கொழுப்பு மெத்தையைக் கன்றச் செய்வதுதான் மிச்சம்.

சஷுவாவின் ஆய்வு முக்கியமானது. மூட்டு அசைவை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுத்தால் பலன் இராது என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மறுபக்கமும் உண்டு. 2009 இல் கிளீலண்ட் தலைமையில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அல்ட்ராசவுண்ட் முதலான மின்கருவிச் சிகிச்சையும் பயிற்சியும், மறு பிரிவினருக்குக் கைமுறைச் சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்தார்கள். கைமுறைப் பிரிவில் கெண்டைத் தசையிலும் பட்டையின் பற்றிடத்திலும் மென்திசுச் சிகிச்சை செய்தார்கள். அத்துடன் இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதம் எல்லாவற்றையும் பரிசோதித்து, குறை கண்ட மூட்டுகளிலும் கை வைத்தார்கள். 4 கிழமையில் ஆறு அமர்வுகள். அந்த 4 கிழமை முடிவில் வலியிலும் கால்களின் செயற்பாட்டிலும் கைமுறைப் பிரிவு முன்னின்றது. செயற்பாட்டில் அந்த முன்னிலை 6 மாதத்திலும் நிலைத்தது. 2011 இல் ரெனான் ஓர்டின் முதலியோர் மேலும் 60 பேரை ஆராய்ந்து, நீட்டற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதனோடு கெண்டைத் தசையின் வலிப்புள்ளிகளில் கைமுறைச் சிகிச்சையும் பெற்றவர்கள் 4 கிழமையில் கூடுதலாகத் தேறியதைக் கண்டார்கள். இவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தவை. ஆனால் இரண்டிலும் ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததால், உங்கள் முதல் ஐயத்துக்கு ஓரளவேனும் விடை கிடைக்கிறது. அமெரிக்க இயன்மருத்துவர்களின் வழிகாட்டி 2023 இல் புதுப்பிக்கப்பட்டபோதும் கைமுறைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ரீச்சரின் பத்து நாளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் தீர்மானத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கையால் செய்யும் சிகிச்சை வலியைத் தணித்து ஓர் இடைவெளியைத் திறந்து தருகிறது. அந்த இடைவெளி சில மணி நேரம், கூடினால் ஓரிரு நாள் திறந்திருக்கும். அதற்குள் பட்டையை நீட்டி, பின்னர் பாரம் ஏற்றிப் பழக்கினால் பயன் தங்கும். பழக்காவிட்டால் அடுத்த கிழமை அதே கட்டிலில் அதே வலியோடு படுத்திருப்பீர்கள்.

நீட்டும் முறைக்கு 2003 இல் டிஜொவான்னி குழுவினர் 101 பேரில் செய்த ஆய்வு நல்ல அடிப்படை. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், நோகும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டு, கையால் கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும். மறுகையின் விரலால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை வீணைத் தந்தி போல விறைத்திருப்பதை உணர்வீர்கள். அப்படிப் பத்து எண்ணும் வரை பிடித்து, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

வலி சற்றுத் தணிந்ததும் ராத்லெஃப் 2015 இல் 48 பேரில் பரிசோதித்த பயிற்சி. துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் வளைந்திருக்க, மூன்று விநாடியில் குதிக்காலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். 3 மாதத்தில் இது நீட்டற்பயிற்சியை விஞ்சியது. 12 மாதத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகின. ரீச்சருடைய வயதில் முதலில் இரண்டு கால்களாலும் தொடங்குவது நல்லது.

மட்டுநகர் மருமகள் · 6 மார்ச், காலை 10.05

ரீச்சர் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். என் மாமியார் குதிவாதம் என்றுதான் இதைச் சொல்வார். செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, அதன்மேல் எருக்கலை இலைகளை அடுக்கி, குதிக்காலை அதில் வைத்து வைத்து எடுக்கச் சொல்வார். அதன்பின் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கெண்டைக்காலிலிருந்து கீழ்நோக்கி நெடுநேரம் உருவிவிடுவார். எனக்குக் குழந்தை பிறந்த ஆண்டில் இந்த வலி வந்தபோது அவர் கைதான் ஆறுதலாக இருந்தது. இயன்மருத்துவர் ஐயா கெண்டைக்காலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அவர் நினைவு வந்தது. அவரும் குதிக்காலை அழுத்தியதே இல்லை. இத்தகைய வைத்தியத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

செட்டியார்தெருக் கடைக்காரன் · 6 மார்ச், பகல் 12.30

நானும் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு 67 வயது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. நகைக்கடையில் இன்றும் காலை முதல் மாலை வரை நிற்பார். அவருக்கும் குதிக்காலில் வலி. மேலே சொன்ன செங்கல் ஒத்தடத்தையும், இணையத்தில் பார்த்த உறைந்த தண்ணீர்ப் போத்தலை உருட்டும் முறையையும் வீட்டில் செய்து பார்க்கலாமா? சில இரவுகளில் பாதம் எரிகிறது என்றும் சொல்கிறார்.

கைப்பக்குவம் · 6 மார்ச், இரவு 9.30

கடைக்காரத் தம்பிக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனெனில் அது அவசரமானது. வேண்டாம். இரண்டையும் செய்ய வேண்டாம். நீண்டகால நீரிழிவோடு இரவில் பாதம் எரிவது, நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக் கூடும் என்பதைக் காட்டுகிறது. அப்படியானால் செங்கல் எவ்வளவு சுடுகிறது, போத்தல் எவ்வளவு குளிர்கிறது என்பதை அப்பாவின் பாதம் அவருக்குச் சரியாகச் சொல்லாது. தோல் வெந்து கொப்பளித்த பிறகே தெரியவரும். அந்தப் புண் ஆறுவது மிகக் கடினம். அவரை நீரிழிவுக் கிளினிக்கில் காட்டி, 10 கிராம் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும்படி கேளுங்கள். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அவருடைய வலி நார்ப்பட்டையினது தானா, கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு நெருக்கப்படுவதா, வேறு காரணமா என்பது தெரிந்தபின் கை வைப்பதைப் பற்றிப் பேசலாம்.

மருமகளுக்கு: உணர்வு நன்றாக உள்ள பாதத்துக்கு இளஞ்சூடான ஒத்தடமும் எண்ணெய் உருவலும் தீங்கு செய்யா, ஆறுதலும் தரும். எருக்கலைப் பால் தோலிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது புண்ணாக்கக்கூடியது. மாமியார் கெண்டைக்காலிலிருந்து தொடங்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. பல தலைமுறைகளாகக் காலைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களின் விரலுக்கு, இறுக்கம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது.

இந்த உரையாடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதையும் சேர்த்துவிடுகிறேன். ஓய்விலும் நடு இரவிலும் விடாமல் வலித்தால், குதிக்கால் எலும்பை இருபுறமும் உள்ளங்கைகளால் நெரிக்கும்போது கடுமையாக நொந்தால், மரத்துப்போதல் இருந்தால், ஏதோ அறுந்தது போலத் திடீரென வலி தொடங்கியிருந்தால், அல்லது இளவயதில் இரு குதிக்கால்களும் நொந்து காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், எவர் கையிலும் காலைக் கொடுக்குமுன் மருத்துவரைப் பாருங்கள். இவற்றுள் எலும்பு வெடிப்பும் மூட்டுவாதமும் அடங்கக்கூடும். ஸ்டீரொய்ட் ஊசி பற்றித் தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். அது சில கிழமைகளுக்கு வலியைக் குறைக்கும், ஆனால் பட்டை அறுவதற்கும் குதிக்கால் கொழுப்பு மெலிவதற்கும் இடமுண்டு. ஊசி போட்டவர்களின் பற்றிடத்தில் நான் தேய்ப்புச் செய்வதில்லை.

எங்கே போவது என்பதும் கேட்கப்பட்டது. தனியாரிடம் போவதானால், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த இயன்மருத்துவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில், வெளிநோயாளர் பிரிவில் மருத்துவரைக் கண்டு இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். காத்திருக்க வேண்டியிருந்தாலும் கட்டணமில்லை. எவரிடம் போனாலும் முதல் நாள் அளந்தாரா, வீட்டுக்குப் பயிற்சி கொடுத்தாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆளைத் தேடலாம்.

வெள்ளவத்தை ரீச்சர் · 17 ஏப்ரல், மாலை 6.20

புதுவருட விடுமுறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எழுதியவற்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஓர் இயன்மருத்துவரிடம் சென்றேன். இளம் பெண்பிள்ளை, நான் காகிதத்தை நீட்டுவதற்குள் அவரே என்னைச் சுவரருகே நிற்கச் சொல்லிவிட்டார். இடது காலில் 4 சென்ரிமீற்றர், வலது காலில் 9. அந்த எண்களைப் பார்த்தபோது, எட்டு மாதமாக நான் வலியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன், கால் மடங்கவில்லை என்பதை நானே கவனிக்கவில்லை என்று விளங்கியது.

ஆறு முறை சென்றேன். முதல் இரண்டு முறையும் அவர் குதிக்காலைத் தொடவில்லை. கெண்டைக்காலில் ஓரிடத்தை விரல்நுனியால் அழுத்தியபோது, வலி கீழே குதிக்கால்வரை ஓடியது. அவர் அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தார், ஒரு நிமிடத்துக்குள் அது மங்கிப்போனது. தாலஸ் எலும்பைத் தள்ளும்போது வலி இல்லை. சிக்கிய இழுப்பறை மெல்ல உள்ளே போவது போல இருந்தது. மூன்றாம் அமர்வில் ஒரு பட்டியை என் கணுக்காலைச் சுற்றிப் போட்டு, அவர் அதைப் பிடித்து இழுக்க, நான் முழங்காலை முன்னே மடக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் மலிகன் என்பவர் உருவாக்கிய முறை என்று சொன்னார். எழுந்து நடந்தபோது கால் இலேசாக இருந்தது. ஆனால் கைப்பக்குவம் ஐயா எழுதியபடியே, அடுத்த நாள் மாலைக்குள் பழைய இறுக்கம் மெல்லத் திரும்பியது. அந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது என்று, அன்றைய நாட்களில் பயிற்சியைத் தவறவிடவில்லை.

குசினிச் சுவரில் பிள்ளைகளின் அடிமட்டத்தை ஒட்டிவைத்துக் கிழமைக்கு ஒருமுறை நானே அளக்கிறேன். நேற்று இடது கால் 7.5. முதலடி வலி பத்துக்கு எட்டாக இருந்தது, இப்போது மூன்று. வீட்டுக்குள் அணிவதற்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். முதல் கிழமை மகள் வியப்பாகப் பார்த்தாள், இப்போது அவளே கட்டிலுக்கருகில் எடுத்து வைக்கிறாள். வகுப்பில் இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை உட்கார்ந்து கொப்பிகள் திருத்துகிறேன். இவற்றுள் எது எவ்வளவு உதவியது என்று எண்ணும் எழுத்தும் ஐயா கேட்டால் என்னிடம் விடை இல்லை.

எண்ணும் எழுத்தும் · 17 ஏப்ரல், இரவு 8.00

கேட்க மாட்டேன், ரீச்சர். கிழமைக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டவணையை முடிந்தால் இங்கே பதிவிடுங்கள். என் மனைவியும் உங்கள் சுவர் அளவைத் தொடங்கியிருக்கிறாள்.

காலிமுகக் காற்று · 18 ஏப்ரல், காலை 5.50

நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மூன்று நாளில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று ரீச்சரிடம் சொன்னது தவறு. கோல்ஃப் பந்தை வைத்துவிட்டு, இப்போது ரெனிஸ் பந்தை, அதுவும் கதிரையில் உட்கார்ந்தபடி, உருட்டுகிறேன். ஓடி முடித்தபின் கெண்டைக்காலுக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்கிறேன்.

வெள்ளவத்தை ரீச்சர் · 2 ஜூலை, இரவு 9.45

இன்னும் ஒரு கேள்வி, ஐயா. வலி இப்போது பத்துக்கு ஒன்று. சில நாட்களில் அதுவும் இல்லை. ஆடிவேல் தேர்த் திருவிழா வருகிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரோடு வெறுங்காலில் நடப்பது எனக்கு இருபது ஆண்டு வழக்கம். சென்ற ஆண்டு வலி தொடங்கியது அதற்குப் பின்னர்தான். இந்த ஆண்டு நடக்கலாமா? அதற்கு முந்தைய நாள் ஓர் அமர்வு எடுத்தால் போதுமா?

கைப்பக்குவம் · 3 ஜூலை, காலை 6.15

முந்தைய நாள் அமர்வு மட்டும் போதாது, ரீச்சர். தார் வீதியில் அத்தனை மணி நேரம் வெறுங்காலில் நடப்பது உங்கள் பட்டைக்கு இந்த ஆண்டின் மிகப் பெரிய பாரம். இன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் மாலையில் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். முதலில் பத்து நிமிடம், மறுநாள் காலை முதலடி வலி மூன்றைத் தாண்டாவிட்டால் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். துவாய்ப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். திருவிழா அன்று காலையில் உங்கள் இயன்மருத்துவரிடம் உள்ளங்காலைத் தாங்கும் ஒட்டுப்பட்டை (டேப்) போட்டுவிடச் சொல்லுங்கள். 2006 இல் ராட்ஃபோர்ட் குழுவினர் 92 பேரில் பார்த்தபோது, அந்தக் கட்டு ஒரு கிழமைக் காலத்தில் முதலடி வலியைக் குறைத்தது. அது தோலில்தான் ஒட்டியிருக்கும், வெறுங்காலில் நடக்கும் வழக்கத்துக்கு இடையூறு இராது.

முழுத் தூரத்தையும் இந்த ஆண்டே நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாமல், கொள்ளுப்பிட்டியிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள். நான் வழக்கமாக அந்தச் சந்தியில்தான் தண்ணீர்ப் பந்தலில் நிற்பேன்.

வெள்ளவத்தை ரீச்சர் · 3 ஜூலை, காலை 6.40

கொள்ளுப்பிட்டியிலிருந்தே நடக்கிறேன், ஐயா. பழகுவதை இன்று மாலையே தொடங்குகிறேன். அட்டவணையைத் தனியே பதிவிடுகிறேன். கடைசி வரி இடது 9, வலது 9.5.